ஒரு மணி நேரத்துக்கு மட்டும்

போன ஆண்டு பங்குனி உத்திரம் முடிந்த அடுத்த வாரம். செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு அம்மாவுக்கு போன் அடித்தேன். அன்று காலை பலதுறை மருந்தகத்தில் அவருக்கு ரத்தப் பரிசோதனை. முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார், கூப்பிடவில்லை. நான் அடித்தபோதும் எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தேன். மணி போகிறது, எடுப்பதற்கு ஆள் இல்லை. மூன்று மணிக்குள் ஆறு முறை அடித்துவிட்டேன். அம்மாவுக்கு 71 வயது. அப்பா போன பிறகு சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் அந்த மூவறை வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்தவர், சாப்பிட்டாரா, வீடு வந்து சேர்ந்தாரா, குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாரா என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தது. மேலாளரிடம் சொல்லிவிட்டு ஜூரோங் ஈஸ்ட் ரயில் நிலையத்துக்கு ஓடினேன்.

சிவப்புத் தடத்தில் ஜூரோங் ஈஸ்டிலிருந்து யீஷூன் போனவர்களுக்கு அந்தப் பயணம் தெரியும். புக்கிட் பாத்தோக், சுவா சூ காங் என்று வடக்கே ஏறி, கிராஞ்சி, உட்லண்ட்ஸ் வழியாகத் தீவின் மேல்விளிம்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இயூ டீ தாண்டிய பிறகு கிராஞ்சி வரும்வரை நிலையமே வராது. அந்த இடைவெளியில்தான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. எதிரே கதவுக்கு மேல், பொதுப் போக்குவரத்தில் சத்தம் குறைத்துப் பேசச் சொல்லும் ஹஷ்-ஹஷ் ஹானாவின் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் மறுபடியும் அம்மாவின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன்.

மின்தூக்கியில் ஏறி எட்டாவது மாடியில் இறங்கினால், அம்மா தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் எதிர்வீட்டு மாக்சிக், அந்த மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். இருவருக்கும் நடுவே விரித்த பழைய தமிழ் முரசு நாளிதழில் முருங்கைக்கீரை. அம்மா ஆய்கிறார், மாக்சிக் பேசிக்கொண்டே காம்புகளை ஒதுக்குகிறார். என்னைப் பார்த்ததும் மாக்சிக், "சுடா மாக்கான்?" என்று கேட்டார், சாப்பிட்டாச்சா என்று மலாயில். அம்மா, "என்ன பாப்பா, வேலை இல்லையா?" என்றார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

கைப்பேசி வீட்டுக்குள், சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பதினோரு தவறிய அழைப்புகள், எல்லாமே என்னுடையவை. மணியொலி அடியோடு இறங்கிக் கிடந்தது. "நான் ஒண்ணும் பண்ணலியே" என்றார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. அதற்கு முந்தைய மாதமும் இதே போல இரண்டு முறை நடந்திருந்தது, அப்போதும் இதையேதான் சொன்னார். நான்தான் நம்பவில்லை.

ஒரே பொத்தான், வேறு வேறு வேலை

அன்று சாயங்காலம் அம்மாவிடம் காலையிலிருந்து கைப்பேசியை எப்படிப் பயன்படுத்தினார் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மருந்தகத்தில் எண் வரக் காத்திருக்கும்போது, கோயில் குழுவில் வந்த பங்குனி உத்திரக் காணொளி ஒன்றைத் திறந்திருக்கிறார். தவிலும் நாதஸ்வரமும் திடீரென்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது. பதறிப்போய், காணொளியை மூடிவிட்டு, பக்கவாட்டுப் பொத்தானின் கீழ்ப்பகுதியை அழுத்தியிருக்கிறார். சத்தம் வந்துவிடக் கூடாதே என்று கடைசி வரை அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

விஷயம் அந்த வரிசையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'சத்தம்' என்று ஒன்று கிடையாது. பாட்டும் காணொளியும் ஒரு கணக்கு, அழைப்பு வரும்போது அடிக்கும் மணி ஒரு கணக்கு, அறிவிப்புகள் ஒரு கணக்கு, அலாரம் ஒரு கணக்கு, காதில் வைத்துப் பேசும்போது கேட்கும் குரல் இன்னொரு கணக்கு. பொத்தான் மட்டும் ஒன்றே ஒன்று. அந்த நேரத்தில் எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதன் மேல் அது வேலை செய்யும். காணொளி ஓடும்போது அழுத்தினால் காணொளியின் சத்தம் குறையும். காணொளியை மூடிய மறு நொடி அழுத்தினால், அம்மாவின் கைப்பேசி இருந்த நிலையில், மணியொலி குறையும். ஆண்ட்ராய்டின் அடிப்படை அமைப்பில் மணியொலிக்கு 7 படி, காணொளிக்கு 15 படி. ஏழு அழுத்தல் போதும், மணி போய்விடும். அம்மா அடக்க நினைத்தது நாதஸ்வரத்தை. அடங்கியது என் அழைப்பு.

இதை வடிவமைத்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் தெரியாமல் இல்லை. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-இல், பொத்தானை அழுத்தினால் வழக்கமாகப் பாட்டு-காணொளிச் சத்தமே மாறும்படி செய்தார்கள். மணியொலியை மாற்ற, திரையில் எழும் பட்டையைத் தனியாகத் தொட வேண்டும். சில கைப்பேசிகளில் இது அமைப்புகளுக்குள் ஒரு தெரிவாக இருக்கும், வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், அணைத்துக்கொள்ளலாம். அம்மாவுடையதில் அது அணைந்திருந்தது. ஐபோனிலும் இதே போல, பொத்தானால் மணியொலியையும் மாற்றலாமா கூடாதா என்று ஒலி அமைப்பில் ஒரு தெரிவு இருக்கிறது. நான் பல ஆண்டுகளாக ஐபோன் வைத்திருக்கிறேன், அன்று இரவுதான் முதல்முறையாக அதைத் திறந்து பார்த்தேன்.

'சைலண்ட்' என்ற ஒரு சொல்லுக்குள்ளும் இத்தனை சண்டை இருக்கிறது. 2012 ஜனவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவின் கச்சேரி ஒன்றில், இசை மிக மெல்லியதாக இறங்கி வரும் இடத்தில், முன் வரிசையில் ஒருவரின் ஐபோன் விடாமல் அடித்தது. இசை நடத்துநர் ஆலன் கில்பர்ட் கையை இறக்கி இசையையே நிறுத்திவிட்டார். அந்த மனிதர் கைப்பேசியை மௌனத்தில்தான் வைத்திருந்தார். அடித்தது அழைப்பு இல்லை, அலாரம். மௌனப் பொத்தானைத் தள்ளினாலும் அலாரம் அடிக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மௌனம் என்றால் எல்லாமே மௌனம்தான் என்று ஒரு பக்கம், அலாரத்தை வைத்தவர் அவர்தானே, அது அடிக்கத்தானே வேண்டும் என்று இன்னொரு பக்கம், அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கைப்பேசிக்கு நம் கை அசைவு தெரியும், நம் மனத்தில் என்ன இருந்தது என்று தெரியாது. இந்தத் தொல்லை முழுக்க அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

நான் செய்த ஏற்பாடு

அன்று இரவே அம்மாவின் கைப்பேசியைச் சரிசெய்தேன். சரிசெய்ததாக நினைத்தேன். மணியொலியை உச்சத்தில் வைத்தேன். பக்கவாட்டுப் பொத்தான் இனிமேல் காணொளிச் சத்தத்தை மட்டும் தொடும்படி மாற்றினேன். அறிவிப்புகளை எல்லாம் குறைத்தேன். "இனிமே நீங்க என்ன அழுத்தினாலும் மணி குறையாது, கவலைப்படாதீங்க" என்றேன். அம்மா தலையாட்டினார். அவரிடம் வேறு எதையும் நான் கேட்கவில்லை. இதை எழுதும்போது உறுத்துவது அதுதான். அவருடைய கைப்பேசி, அவருடைய கை, அவருடைய நாள். நான் கேட்காமலே எல்லாவற்றையும் பூட்டிவிட்டு யீஷூனிலிருந்து நிம்மதியாக ரயில் ஏறினேன். அடுத்த ஐந்து வாரமும் நிம்மதியாகத்தான் இருந்தேன். எப்போது அடித்தாலும் அம்மா எடுத்தார்.

அப்புறம் மே மாதத்தில் அம்மாவின் தோழி ஒருவர் கணவரை இழந்தார். நாற்பது ஆண்டுப் பழக்கம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்த அத்தை வீட்டில்தான் தீபாவளி முறுக்கு சுடுவார்கள். அம்மா காலையிலேயே அவர்கள் புளோக் கீழே போய் உட்கார்ந்துவிட்டு, பிறகு மற்றவர்களோடு பேருந்தில் மண்டாய் தகனச்சாலைக்குப் போயிருக்கிறார். பேருந்திலிருந்து இறங்கும்போதே பக்கவாட்டுப் பொத்தானைக் கடைசி வரை அழுத்தியிருக்கிறார். திரையில் பட்டை கீழே இறங்கியதையும் பார்த்திருக்கிறார். எப்போதும் செய்வது போலத்தான் செய்திருக்கிறார். ஆனால் நான் செய்துவைத்த ஏற்பாட்டில் அது காணொளிப் பட்டை. மணியொலி உச்சியிலேயே இருந்தது.

கூடத்தில் கடைசியாக முகம் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். ஓதுவார் மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருக்கிறார். அப்போது அம்மாவின் கைப்பையிலிருந்து, உச்ச ஒலியில், துள்ளல் இசையோடு மணி அடித்திருக்கிறது. கைப்பையில் பர்ஸ், கைக்குட்டை, மாத்திரை டப்பா, விபூதிப் பொட்டலம், குடை எல்லாவற்றுக்கும் அடியில் கைப்பேசி. எடுப்பதற்குள் முழு மணியும் அடித்து ஓய்ந்துவிட்டது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது மறுபடியும் அடித்திருக்கிறது. இரண்டு முறையும் அழைத்தது நான். சாப்பாட்டு இடைவேளை நேரம். அம்மா சாப்பிட்டாரா என்று கேட்க அடித்தேன். எடுக்கவில்லை என்றதும் உடனே மறுபடியும் அடித்தேன்.

அம்மா இதை என்னிடம் சொல்லவே இல்லை. மூன்று நாள் கழித்து அந்த அத்தையின் மகளிடம் துக்கம் விசாரிக்கப் போனபோதுதான் தெரியவந்தது. "அம்மா ரொம்பச் சங்கடப்பட்டுட்டாங்க அக்கா, வெளியே போய் நின்னுட்டாங்க, கடைசி வரைக்கும் உள்ளே வரல" என்றாள். நாற்பது ஆண்டுத் தோழியின் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் அம்மா வாகன நிறுத்துமிடத்தில் நின்றிருக்கிறார். நான் யோசிக்காமல் மாற்றிய ஒரே ஒரு தெரிவால்.

அதற்குப் பிறகு அம்மா கைப்பேசியை வெளியே எடுத்துப் போவதை நிறுத்திவிட்டார். கோபமும் இல்லை, அறிவிப்பும் இல்லை. சாமி மேடைக்குப் பக்கத்துத் தட்டில், பஞ்சாங்கத்தின் மேல், மின்னூட்டியோடு வைத்துவிட்டுப் போய்விடுவார். சந்தைக்கு, கோயிலுக்கு, தேக்காவுக்கு எல்லாம் கைப்பேசி இல்லாமலே. முன்பு எப்போதாவதுதான் அவரை எட்ட முடியாமல் போகும். இப்போது தினமும்.

அம்மா சொன்னது

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். அம்மா தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். ஏன் கைப்பேசியை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். மண்டாயில் நடந்தது எனக்குத் தெரியும் என்று சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அது அடிக்கக் கூடாதுன்னு நான் நினைச்சா அடிக்கக் கூடாது பாப்பா. அது என் போன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் அம்மா என்னிடம் அப்படிப் பேசியது மிகக் குறைவு. கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். "சாவு வீட்டுல, சாமி முன்னாடி, டாக்டர் பேசுறப்ப, அடக்கி வைக்கிறது ஒரு மரியாதை. எனக்கு அந்த மரியாதை பண்ணத் தெரியும். நீ அதைப் பண்ண விடாம பண்ணிட்ட."

அந்தச் சொல்தான் என்னை உலுக்கியது. மௌனத்தை நான் ஒரு பழுதாக மட்டுமே பார்த்திருந்தேன். மணி அடிக்கவில்லை என்றால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, சரிசெய்ய வேண்டும் என்று. அம்மாவுக்கு அது ஒரு செயல். செருப்பைக் கழற்றி வைப்பது போல, முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வது போல, இடத்துக்குத் தருகிற மரியாதை. தவறி மௌனமாவதும் வேண்டுமென்றே மௌனமாக்குவதும் கைப்பேசியின் திரையில் ஒன்றாகத் தெரியலாம். நான் முதலாவதைத் தடுக்கப்போய் இரண்டாவதையும் பிடுங்கிவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். என் கைப்பேசி எந்நேரமும் மௌனத்தில்தான் இருக்கும். முதல் ஐபோன் 2007-இல் வந்ததிலிருந்தே பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்பு இருந்தது, தள்ளினால் மௌனம். 2023-இல் ஐபோன் 15 புரோவில் அதை எடுத்துவிட்டு, என்ன வேலைக்கு வேண்டுமானாலும் ஒதுக்கிக்கொள்ளக்கூடிய ஒரு பொத்தானை வைத்தார்கள். நான் பழைய கைப்பேசியை மாற்றியபோது அந்தப் பொத்தானுக்குக் கொடுத்த வேலையும் மௌனம்தான். என் மணியொலி எப்படி இருக்கும் என்றே எனக்கு நினைவில்லை. கூட்டத்தில் இருக்கும்போது அம்மா அழைத்தால் நான் எடுப்பதில்லை, மாலையில் கூப்பிடுவேன். அதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. நான் எட்டாத தூரத்தில் இருக்கலாம், அம்மா இருக்கக் கூடாது என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன். அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தேன். அக்கறைதான், பொய்யில்லை. ஆனால் அதில் என் பயத்தைத் தணித்துக்கொள்ளும் வேலை பாதிக்கு மேல் இருந்தது.

முதல் பெயர்

அன்று மேசையில் கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை கேட்டுக் கேட்டு. பொத்தான் எதை மாற்ற வேண்டும்? காணொளியை மட்டும் என்றால் சரிதான் என்றார், இப்போது அவருக்கு வித்தியாசம் புரிந்திருந்தது. மணியை அடக்க அவருக்கென்று வேறு ஒரு வழி வேண்டும். அது தெளிவாகத் தெரிய வேண்டும். அவர் மறந்துவிட்டாலும் மணி தானாகத் திரும்பி வர வேண்டும்.

'மியூட்' அதற்குச் சரிப்படவில்லை. மியூட் போட்டால், யார் அழைத்தாலும் மணி வராது, நாமே மியூட்டை விலக்கும்வரை அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று இன்னொன்று இருக்கிறதே, அது வேறு மாதிரி. மணியொலி அளவு அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே விடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு அழைப்பையும் பார்த்து முடிவு செய்யும். யாருக்கு விலக்கு என்று நாமே குறித்து வைக்கலாம். எவ்வளவு நேரத்துக்கு என்று ஒவ்வொரு முறையும் கேட்கும்படியும் வைக்கலாம். ஒரு மணி நேரம் என்று தொட்டால் ஒரு மணி நேரம் கழித்துத் தானாக விலகிக்கொள்ளும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மணியொலியையே பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு விலக்கு மட்டும் கொடுத்து வைத்தால், விலக்குப் பெற்றவர் அழைத்தாலும் சத்தம் வராது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மேலிருந்து இழுத்தால் வரும் திரையில், வட்டத்துக்குள் ஒரு கோடு போட்ட அந்தச் சின்னத்தை முதல் வரிசைக்குக் கொண்டுவந்து வைத்தேன். அம்மா பத்துப் பன்னிரண்டு முறை இழுத்துத் தொட்டுப் பழகினார். "ஒரு மணி நேரத்துக்கு மட்டும்" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொன்னார்.

அப்புறம் விலக்குப் பட்டியல். தொடர்புகளில் யாருக்கு நட்சத்திரம் போடுவது? நான் என் பெயரைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"முதல்ல மாக்சிக்."

எனக்குப் புரியவில்லை. மாக்சிக் எதிர்வீட்டில் இருக்கிறார், பத்து அடி தூரம். அம்மா சொன்னார்: மாக்சிக்குக்கு முட்டி வலி, இரவில் எழுந்து நடக்கும்போது தலை சுற்றுகிறது, மகன் ஜொகூரில். இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். ராத்திரி எதுவானாலும் மாக்சிக் அம்மாவுக்கு அடிப்பார். அவர் வீட்டுச் சாவி ஒன்று அம்மாவிடம் இருக்கிறது, அம்மாவுடையது அவரிடம். இந்த ஏற்பாடு மூன்று ஆண்டாக நடக்கிறது. எனக்குத் தெரியாது. மாக்சிக்கின் எண்கூட என்னிடம் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அது இருந்திருந்தால் ஒரே அழைப்பில் முடிந்திருக்கும்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கைப்பேசி மௌனமானால் ஆபத்து அம்மாவுக்கு என்று மட்டுமே கணக்குப் போட்டிருந்தேன். அவரை நம்பி இன்னொருவர் எதிர்வீட்டில் தூங்குகிறார் என்பது என் கணக்கில் இல்லை. மண்டாய்க்குப் பிறகு வெளியே போகும்போது கைப்பேசியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாரே, அப்போதும் ஒவ்வொரு முறையும் மாக்சிக் வீட்டுக் கதவைத் தட்டி, நான் இன்ன நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொல்லியிருக்கிறார்.

மாக்சிக்குக்கு நட்சத்திரம் போட்டோம். அடுத்து எனக்கு. பெர்த்தில் இருக்கும் தம்பிக்கு வேண்டாம் என்றார், "அவன் சும்மா பேசத்தான் அடிப்பான், பொறுக்கட்டும்." வாட்ஸ்அப் அழைப்புகள் இந்த விலக்கில் எல்லாக் கைப்பேசியிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதனால் அவசரம் என்றால் சாதாரண அழைப்பு மட்டுமே என்று அம்மா, மாக்சிக், நான் மூவரும் முடிவு செய்தோம். இன்னொரு வசதியையும் அணைக்காமல் விட்டுவைத்தோம். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் ஆண்ட்ராய்டு அதை உள்ளே விடும். ஐபோனில் அந்த இடைவெளி மூன்று நிமிடம். மண்டாயில் நான் செய்தது போல, சாப்பிட்டீர்களா என்று கேட்க இரண்டு முறை அடிப்பதில்லை என்று நானே எனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

என் கைப்பேசியிலும் ஒன்றை மாற்றினேன். ஐபோனில் தொடர்பு அட்டையைத் திருத்தப் போனால், மணியொலி தேர்ந்தெடுக்கும் இடத்தில் எமர்ஜென்சி பைபாஸ் என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால், கைப்பேசி மௌனத்தில் இருந்தாலும் அந்த ஒருவர் அழைத்தால் மட்டும் மணி அடிக்கும். அம்மாவுக்குப் போட்டேன். மாக்சிக்கின் எண்ணை வாங்கி அவருக்கும் போட்டேன்.

கரண்டியைத் தூக்கிக் காட்டும் சோதனை

மிச்சமிருந்தது மணியின் ஓசை. வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஓசைகளை. கைப்பேசிகளில் வரும் பல மணியொலிகள் அந்த மேல் ஓசையில்தான் இருக்கின்றன, பறவைக் கீச்சு, கண்ணாடி தட்டுவது போல. சத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் காது பிடிக்காத ஓசை பிடிக்காததுதான். அதனால் ஒரு சோதனை வைத்தோம். அம்மா சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். குழாயைத் திறந்துவிட்டார். புகைபோக்கி விசிறி ஓடியது. ஜன்னல் ஓரத்தில் வழக்கம் போல ஒலி 96.8 வானொலி. நான் கூடத்தில் சாமி மேடைத் தட்டருகே நின்று ஒவ்வொரு மணியொலியாக ஓடவிட்டேன். கேட்டால் கரண்டியைத் தூக்க வேண்டும்.

முதல் நான்கு ஓடி முடிந்தன, கரண்டி அசையவில்லை. எனக்குக் காது குடைகிறது, அவருக்கு எதுவுமே வரவில்லை. ஐந்தாவது, பழைய வீட்டுத் தொலைபேசி போல அடிமட்டத்தில் கரகரக்கும் மணி. உடனே கரண்டி மேலே போனது, மாவு சொட்டியது. அதையே என் அழைப்புக்கு வைத்தோம். நான் பல மாதங்களாக அம்மா கவனிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த சில அழைப்புகள், மணி அடித்தும் அவர் காதுக்குப் போகாத அழைப்புகளாக இருந்திருக்கும்.

மாக்சிக்குக்கு எதை வைப்பது என்று அம்மா யோசித்தார். பிறகு எழுந்து, கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, குரல் பதிவை எப்படித் திறப்பது என்று கேட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். மாக்சிக் தினமும் அம்மாவைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். "அக்கா! அக்கா ஓய்! புக்கா பிந்து!" கதவைத் திற என்று மலாயில். அக்கா என்பதை மட்டும் முப்பது ஆண்டுக்கு முன் எங்கள் பாட்டியிடம் கற்றுக்கொண்டது. அந்தப் பதிவையே அவர் எண்ணுக்கு மணியொலியாக வைத்தேன். குழாயையும் விசிறியையும் போட்டுச் சோதித்தபோது, முதல் "அக்கா"விலேயே கரண்டி எழுந்துவிட்டது.

இந்த நாட்டில் பிப்ரவரி 15-ஆம் தேதியும் செப்டம்பர் 15-ஆம் தேதியும் மாலை 6.20-க்கு எச்சரிக்கை ஒலி எழும். டிவி ஓடினாலும் தூங்கினாலும் அது கேட்கும், கேட்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அது எழும்போது அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு முடியும்வரை நிற்பார். எல்லாச் சத்தத்தையும் தாண்டி வர எதற்கு உரிமை உண்டு என்பதை ஒரு ஊர் கூடி முடிவு செய்வது போல, அன்று எட்டாவது மாடியில் மூன்று பேர் கூடி முடிவு செய்தோம் என்று எனக்குத் தோன்றியது.

கடந்த கார்த்திகைத் தீபத்தன்று யீஷூன் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு அம்மாவோடு போயிருந்தேன். வாசலில் கைப்பேசியை எடுத்தார், திரையை மேலிருந்து இழுத்தார், வட்டச் சின்னத்தைத் தொட்டார். "ஒரு மணி நேரத்துக்கு மட்டும்" என்று சொல்லிக்கொண்டே பையில் போட்டார். அபிஷேகம் முடிந்து, தீபாராதனைக்காக எல்லோரும் எழுந்து நின்ற நேரம். அம்மாவின் பைக்குள்ளிருந்து மாக்சிக் கூப்பிட்டார். "அக்கா! அக்கா ஓய்!"

முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மண்டாய் நினைவு வந்து நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா தலையைக் குனியவில்லை. பையைத் திறந்தார். இப்போது கைப்பேசிக்கென்று தனி அறை தைத்து வைத்திருக்கிறார், ஒரே கையில் எடுத்தார். முருகனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காதில் வைத்துக்கொண்டு மலாயில் பேசியபடியே செருப்பு விட்ட இடத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"குப்பை கொட்ட வெளியே வந்திருக்காங்க, கதவு சாத்திக்கிச்சு. காலு வலியோட தாழ்வாரத்துல நிக்கிறாங்க. சாவி என்கிட்ட இருக்கு." செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டே அம்மா சொன்னார். "நீ இருந்து தீபாராதனை பாத்துட்டு வா. அவங்களுக்கும் சேர்த்துப் பிரசாதம் வாங்கிக்க."